ஹீட்டரும் வாலாட்டும் நாயும்

ஐயா, நுவரெலியா வீட்டில் பழைய ஹீட்டர். பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

பழுது பார்க்க வருகிறவரைக் கண்டு உங்கள் வீட்டு நாய் குரைக்கிறதா, வாலாட்டுகிறதா? வாலாட்டினால் புதிது வாங்கிவிடுங்கள்.

வயர் கருகும் வாடை வந்தால் மட்டும் நாயைக் கேட்க வேண்டாம். உடனே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கழித்துக் கட்டியது எதுவும் மலையகத்தில் மறுபடி பிழைத்ததுண்டா?

கந்தப்பளை ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1973இல் மூடப்பட்டது. 1996இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். கொழுந்து வாட்டிய மாடியில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தூங்குகிறார்கள். அன்று காற்று வாட்டியது, இன்று பில் வாட்டுகிறது!

ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்து லய வீட்டில் ஹீட்டரும் இல்லை, ஏசியும் இல்லை. நாங்கள் எதை மாற்றுவது?

லயத்தையே!

விறகடுப்புதான் உங்கள் ஹீட்டர், கூரைத் தகரத்து ஓட்டைதான் ஏசி. இரண்டுக்கும் கரண்ட் பில் வராது, இருமல்தான் வரும். வெள்ளைக்காரக் கம்பெனிகளிடமிருந்து 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்குப் போனது. முதலாளி இரண்டு முறை மாறியாயிற்று. வெள்ளைக்காரன் கட்டிய லயக் காம்பராக்களில் இன்னும் ஏராளமான குடும்பங்கள் இருக்கின்றன.