சனிக்கிழமைக் கட்சி

கே: 'வேலை தேடாதே, வேலை கொடு' என்று எல்லாக் கட்சிக்காரர்களும் இளைஞர்களுக்குச் சொல்கிறார்களே, சரிதானா?
(ஒரு வாசகர், பல்லடம்)

ப: திருப்பூரில் பவர் டேபிள் தையல் யூனிட் போட்டிருக்கும் தம்பி ஒருவரைக் கேட்டேன். "கொடுக்கத்தானுங்க உட்கார்ந்திருக்கறேன். 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை'ன்னு கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ் ஒட்டினேன். ஆள் வந்தப்ப ஆர்டர் இல்லீங்க" என்றார். இந்தியச் சரக்குக்கான வரியை அமெரிக்கா 2025 ஆகஸ்டில் 50 சதவீதமாக்கிய நேரம் அது. அங்கே ஒரு கையெழுத்து, இங்கே தையல் மெஷினுக்கு லீவு!

செய்து கொடுத்த வேலைக்காவது காசு வருகிறதா? குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் உண்டு. பெரிய கம்பெனிகளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரியாததுபோல் இருக்க இன்னும் நன்றாகத் தெரியும். "புகார் கொடுக்கலாமே?" என்றேன். "கொடுத்தா பழைய பாக்கி வருமுங்க, புது ஆர்டர் வராதுங்களே!"

"சரி, எந்தக் கட்சி?" என்றேன். "சனிக்கிழமை தவறாம சம்பளம் போட வழி பண்ற கட்சிங்க."

பல்லடம் பக்கம் அப்படி யாராவது ஓட்டுக் கேட்டு வந்தால் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.