வண்டித் தடமும் ஐஸ் குச்சிப் பாலமும்

வாடா அப்புனு, இப்பிடித் திண்ணையில குக்கு. ஐஸ் குச்சியில பாலங்கட்டற போட்டியாமா? அந்த விதிமுறைக் காயிதத்தச் சித்தெ கொண்டா. மூணே பக்கந்தானா?

நம்ம காட்டுப் பத்திரத்துல "வண்டி போக வரத் தடம் உண்டு"ன்னு ஒரே வரி. பங்காளி மாட்டு வண்டின்னான், நான் டிராக்டர்னேன். இருவது வருசம் கோர்ட்டுக்கு நடந்தோம். அதனால விதிக்கு அர்த்தஞ் சொல்ல இந்தச் சுத்துப்பட்டுல என்னைய உட்டா ஆளில்லே.

"இடைவெளி 50 சென்டிமீட்டர்"னு போட்டிருக்குது. நீயும் அளந்து சரியா 50-க்கே கட்டு. ரெண்டு மேசைக்கு நடுவுல பொத்துன்னு உழுகும். பாரம் வெக்கற சோலியே மிச்சம். அது வேண்டாம்னா, அக்கட்டயும் இக்கட்டயும் உக்கார ரெண்டு மூணு சென்டிமீட்டர் கூட்டிக்கோ. மொத்த நீளத்துக்கு வேற வரம்பு போட்டிருக்குதான்னும் பாத்துக்கோ.

"பசை எவ்வளவுன்னு எழுதலீங்க அப்பாரு"ன்னு பல்லக் காட்டறயே, பலே! ஃபெவிகாலக் குண்டாவுல ஊத்திக் குச்சிய பஜ்ஜிக்கு வாழைக்காயாட்ட முக்கி எடு. ஆனா கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தப் பாத்தியா? தாங்கின பாரத்தப் பாலத்தோட எடையால வகுத்துத்தான் மார்க்காம். 200 கிராம் பாலம் 40 கிலோ தாங்கினா 200. 400 கிராம் பாலம் 60 கிலோ தாங்கினாலும் 150-தான். உன்ற பசையே உனக்கு எதிர்க்கட்சி வக்கீலு.

சொந்த எடைய மறந்தவன் நீ மட்டுமில்லே. கனடாவுல கியூபெக்ல பாலங்கட்டினவங்க நடு இடைவெளிய 1,600 அடியிலிருந்து 1,800 ஆக்கிப்போட்டு, இரும்போட எடைய மட்டும் பழைய கணக்குலயே உட்டுட்டாங்க. 1907-ல கட்டிட்டிருக்கும்போதே சரிஞ்சு 75 பேரு செத்தாங்க.

அவினாசி ரோட்டுல 2025 அக்டோபர்ல தொறந்தாங்களே, 10 கிலோமீட்டருக்கு மேல நீளுதே ஜி.டி. நாயுடு மேம்பாலம்? நம்ம நாட்டுல அப்பிடிப் பாலத்துக்கெல்லாம் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒரு சபை விதி எழுதி வெச்சிருக்குது. அதுல சும்மா "வண்டி"ன்னு இருக்காது. 70ஆர்னு ஒரு வகை. சங்கிலிப் பட்டையில ஓடற வண்டின்னா 70 டன்னு, சக்கர வண்டின்னா 100 டன்னு. என்ற பத்திரத்தையும் அவிங்களே எழுதியிருந்தா வக்கீல் வூட்டுக்கு மாடி எழும்பியிருக்காது.

இப்ப உன்ற காயிதத்துக்கு வா. "பாலம் உடைஞ்சதும் பாரம் நிறுத்தப்படும்." உடையறதுன்னா என்னடா? ஒரு குச்சி படக்குன்னாவா, வளைஞ்சு தொங்கினாவா, தரையில உழுந்தாவா? உனக்கு இதுதான் மாட்டு வண்டியும் டிராக்டரும். இன்னைக்கே கேட்டு எழுத்துல வாங்கிக்கோ. பசை காயறக்கு முன்னாடி கேட்டாச் சந்தேகம். பாலம் உழுந்த பொறகு கேட்டா வழக்கு.

என்ற தடம் என்னாச்சுங்கறயா? நாந்தான் செயிச்சேன். தீர்ப்பு வாரதுக்குள்ள டிராக்டரு துருப்பிடிச்சுப்போச்சு, அவன் மாட்டையும் வித்துப்போட்டான். இப்ப அந்தத் தடத்துல காலையில நாலு மயிலு போகுது, சாயங்காலம் திரும்பி வருது.