'பட்டுருச்சு': நிறுத்திய காரில் கோடு போட்டவரின் வினைச்சொல் குறித்து ஓர் ஆய்வு

நின்றுகொண்டிருக்கும் பிறர் காரில் கோடு போட்டவர் சொல்லும் முதல் வாக்கியத்தில் எழுவாய் இருப்பதில்லை. இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு இவ்வளவே. ஆயினும் ஆய்வேடு என்றால் நாலு பக்கமாவது வேண்டுமே என்பதால் தொடர்கிறேன்.

ஆய்வுக்களம் திண்டுக்கல் ரத வீதிகள். ஆங்கிலப் பலகைகளில் இவை 'கார் ஸ்ட்ரீட்'. தேருக்கு அந்த மொழியில் அதுதான் சொல். எனவே இருபுறமும் காரை நிறுத்துவோர் பெயர்ப்பலகைக்குக் கட்டுப்பட்டே நடக்கிறார்கள் என்று கொள்க. நடுவே எஞ்சும் சந்தில் ஷேர் ஆட்டோ, தள்ளுவண்டி, சிறுமலை வாழைத்தார் கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் எல்லாம் போக வேண்டும். ஊரோ பூட்டுக்குப் பேர்போனது. 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் எந்தப் பூட்டும் கதவுக்கு உள்ளிருப்பதைத்தான் காக்கும். கதவின் வெளித்தோலைக் காக்க இந்த ஊரிலும் இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

இலக்கியச் சான்று தேடியதில் பயனில்லை. மனுநீதிச் சோழன் வழக்கில் தேர் ஓடிக்கொண்டிருந்தது, ஆய்வெல்லைக்கு வெளியே. பாரியின் தேர் நின்றது உண்மை. ஆனால் முல்லை படர்ந்து அதற்கு என்ன சேதம் ஆயிற்று என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

இனி இலக்கணம். தன் காரைப் பற்றிப் பேசும்போது ஒருவர் 'இடிச்சுட்டான்' என்பார். எழுவாய் திட்டவட்டம், பெரும்பாலும் அடைமொழியோடு. அதே ஆள் பிறர் காரை இடித்தால் 'உரசிருச்சு'. எது உரசியது? சொல்லமாட்டார். யோசிக்க இன்னும் அரை நொடி கிடைத்தால் 'லேசா பட்டுருச்சு'. வெயில் படுவதுபோல, கண் படுவதுபோல. முன்பக்கம் எலுமிச்சை கட்டியிருந்தால் பட்டிருக்காதே என்று கார்க்காரர் மீதே ஒரு சின்னக் குறையும் அதில் ஒளிந்திருக்கும். செய்வினை என்றாலே நமக்குப் பயம். அதை எடுக்கத் தனியாக ஆள் வைத்திருக்கும் சமூகம் அல்லவா?

சட்டம் இந்த நுட்பங்களை அறியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவுப்படி, விபத்தில் பிறர் சொத்துக்குச் சேதம் வந்து அங்கே போலீஸ்காரரும் இல்லையென்றால், வண்டி ஓட்டியவர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ரத வீதியில் உரசுகிற எல்லாரும் இதன்படி நடந்தால் ஸ்டேஷன் வரிசை மலைக்கோட்டை அடிவாரத்தில் போய் முடியும். இன்சூரன்ஸும் கைகொடுக்காது. கார்க்காரர் தன் பாலிசியில் கிளெய்ம் போட்டால் 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1000 ரூபாய் அவர் தலையில். ஐந்து வருடம் வாய் மூடி இருந்து 50 சதவீதத்துக்கு வளர்த்த நோ கிளெய்ம் போனஸ் இந்த ஒரு கோட்டோடு பூஜ்ஜியம். ஆகவே பஞ்சாயத்து தெருவிலேயே.

முதல் சிகிச்சை எச்சில். கட்டைவிரலில் தொட்டுத் தேய்ப்பார்கள். இதை மூடப்பழக்கம் என்று ஒதுக்கக்கூடாது. ஈரம் கீறலை நிரப்பி ஒளி சிதறாமல் செய்வதால் கோடு நிஜமாகவே மறைகிறது, காயும்வரை. திண்டுக்கல் வெயிலில் அது அரை நிமிடம்கூட இல்லை. அதற்குள் கிளம்பிவிடுவோர் ஒரு சாரார். கோடு மெல்லத் திரும்பி வருவதை நின்று பார்த்துவிட்டவர்கள் மறுசாரார். டிங்கர் கடைக்காரர் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார்ப்பார். வழுக்கினால் பாலிஷ் போதும். நகம் தட்டினால் பட்டி, பிரைமர், பெயிண்ட்; அதுவும் கதவு முழுக்க. துண்டாக அடித்தால் வெளுத்த பழைய பெயிண்டோடு சேராதாம்.

இந்த ஆய்வாளர் மறுசாராரில் சேர்ந்தது கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா சமயத்தில். மேற்கு ரத வீதியில் ஆட்டோவுக்கு ஒதுங்கியபோது என் எக்ஸ்எல்லின் பிரேக் லீவர் ஒரு வெள்ளைக் காரின் பின்கதவில் சாண் நீளத்துக்குக் கோடு இழுத்தது. (இங்கும் எழுவாய் லீவர்தான், கவனிக்க.) பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே, "யாரும் பாக்கல, நீ கெளம்புப்பா" என்றார். பார்த்த ஒரே சாட்சி அவர்தான். நான் போகாததற்கு நேர்மையே காரணம் என்று எழுத ஆசை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

இருபது நிமிடத்தில் கார்க்காரர் துணிக்கடைப் பைகளோடு வந்தார்.

"அண்ணே, லேசா பட்டுருச்சு."

குனிந்தார். நகத்தால் இழுத்தார். தட்டியது. பிறகு என்னை விட்டுவிட்டுப் பின்பம்பர் பக்கம் போனார். அங்கே ஒரு முழ நீளத்தில் இன்னொரு கோடு, கூடவே ஒரு நசுங்கல். கோபம் வரவேண்டிய முகத்தில் வேறு ஏதோ வந்தது.

"அது நான் இல்லண்ணே, சத்தியமா!"

"தெரியும் தம்பி. அது நேத்து ராத்திரி எங்க வீட்டு கேட்டுல." குரல் இறங்கியது. "வீட்ல இன்னும் பாக்கல. காசெல்லாம் வேணாம். ஒரே ஒரு போன் மட்டும் பேசிருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் ரிங் போய்விட்டது. மறுமுனையில், "என்னங்க?"

தொண்டையைச் செருமிக்கொண்டு, தெளிவான தன்மை ஒருமைச் செய்வினையில் சொன்னேன்: "அக்கா, நான்தான்க்கா இடிச்சேன். ரெண்டு எடத்துலயும்."