லேபிள் ஊரிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஏர்பிஎன்பி நிர்வாகத்தார், சான் பிரான்சிஸ்கோ.

ஐயா, அம்மா,

முகத்தைக் காட்டினால் வீடு வாடகைக்குப் போகும் என்பதை 2008இல் பிறந்த தங்கள் நிறுவனம்தான் கண்டுபிடித்ததாக ஒரு பேச்சு உலவுகிறது. சிவகாசி அதைக் கேட்டுச் சிரிக்கிறது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த ஊர் இது. பெட்டிக்குள் இருக்கிற மருந்து யார் கண்ணுக்குத் தெரியும்? மேலே அணிலோ சேவலோ, கன்னம் குழியச் சிரிக்கும் குழந்தையோ இருந்தால் கை தானாக நீளும். அந்தத் தீப்பெட்டித் தொழிலில் நிஜக் குழந்தைகள் உழைத்ததைக் கண்டித்துத் தீர்ப்பு எழுத 1996இல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. லேபிளின் மகிமை அப்படி.

தங்கள் கடையிலும் அதே லேபிள்தான். ஸ்டாக்ஹோம் வீடுகளை வைத்து எர்ட், ஃபிளைஷர், மேகன் மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, படத்தில் நம்பகமாகத் தெரியும் வீட்டுக்காரர் முகத்துக்கு வாடகை கூடுதல் என்றது. நட்சத்திர மதிப்பெண்ணோ விலையை அசைக்கவில்லை. ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் உயர்ந்த மதிப்பெண்தானே; வகுப்பே முதல் ரேங்க் என்றால் ரேங்க் கார்டை யார் பார்ப்பார்கள்? நியூயார்க்கில் ஒரே தரமான வீட்டுக்குக் கறுப்பரல்லாத வீட்டுக்காரர்கள் சுமார் 12 சதவீதம் கூடுதலாக வாங்கியதை ஹார்வர்டின் எடல்மனும் லூகாவும் 2014இல் காட்டினார்கள்.

தாங்களும் சும்மா இருக்கவில்லை. முன்பதிவை ஏற்ற பிறகுதான் விருந்தினர் படம் வீட்டுக்காரருக்குத் தெரியும் என்று 2018 அக்டோபரில் அறிவித்தீர்கள். பெயர் மட்டும் அப்படியே நின்றது. பெயரை மட்டும் மாற்றி அனுப்பிய கோரிக்கைகளில், கறுப்பினப் பெயர்களுக்குச் சம்மதம் 16 சதவீதம் குறைவாகக் கிடைத்ததை 2017இலேயே ஓர் ஆய்வு சொல்லியிருந்தது.

எங்கள் விருதுநகர் மாவட்ட வீட்டுக்காரருக்குப் பெயர்கூட வேண்டாம். வாசற்படியில் நின்றபடி கேட்பார்: “தம்பிக்கு எந்த ஊரு?”

“அருப்புக்கோட்டைங்க.”

“அங்க எந்தத் தெரு?”

தெரு தெரிந்தால் சாதி தெரிந்தது. “வீடு நேத்தே முடிஞ்சிருச்சு தம்பி, போர்டக் கழட்ட மறந்துட்டோம்.” டூலெட் போர்டு இன்னும் ஒரு மாதம் அங்கேயே தொங்கும்.

ஆகவே, தங்கள் செயலியில் ‘எந்தத் தெரு?’ என்றொரு கட்டம் சேர்த்தால் இந்த மாவட்டத்தில் தொழில் ஓகோவென்று நடக்கும். அதற்கு மனமில்லையென்றால், மறுக்கிறவர் காரணம் எழுதவேண்டிய கட்டத்தை வைத்து, ‘வீடு முடிஞ்சிருச்சு’ என்ற பதிலை மட்டும் ஏற்காதபடி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாட்டுக்கே லேபிள் அடித்துக் கொடுக்கும் ஊரார்