விதையும் ஆள்காட்டி விரலும்: மொட்டைமாடி முளைப்பியல் குறித்த ஒரு முன்னாய்வு

வீட்டில் விதை முளைக்காததற்கு எறும்பு, அணில், அடைமழை, கடைக்காரர் தலையில் கட்டிய பழைய விதை ஆகியவையே காரணம் என்று இதுகாறும் பேசப்பட்டு வந்துள்ளது. அவற்றை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆயினும் முதல் எதிரி விதைத்தவரின் ஆள்காட்டி விரலே என்று நிறுவ முயல்கிறது.

ஆய்வுக் காலம் ஆடிப்பட்டம். களம் சென்னை மொட்டைமாடிகள். கருவிகள்: தயிர் டப்பா, தென்னை நார்க்கழிவு அடைத்த குழித்தட்டு, பக்கத்து வீட்டு மாமி கொடுத்த பெயரெழுதாத பொட்டலம்.

தக்காளியும் செண்டுமல்லியும் ஒரு வாரத்தில் தலைகாட்டிவிடுவதால் விரலுக்கு அவ்வளவாக வேலையில்லை. மிளகாய் இரண்டு வாரம்கூட இழுக்கும். அங்கே விரல் மூன்றாம் நாளே இறங்கிவிடுகிறது. பாகல் விதையின் ஓடு தடிப்பு. இரவு முழுக்க ஊறவைத்தால் முளைப்பது எளிது. ஊறவைத்தவரோ அதைத் தாம் செய்த பேருதவியாகக் கருதி, மறுநாளே கைம்மாறு எதிர்பார்க்கிறார்.

ஆய்வாளரைப் பெரிதும் ஈர்த்தது கொத்தமல்லி. உருண்டையாக நாம் காண்பது உண்மையில் உலர்ந்த காய். உள்ளே இரண்டு விதைகள். ஆகவே தரையில் பரப்பி, செருப்பால் இலேசாகத் தேய்த்து, இரண்டாகப் பிளந்து விதைப்பது வழக்கம். காலில் கோபம் கலந்தால் சாம்பார்ப் பொடிக்குத்தான் ஆகும். அதற்கும் ஆகாது, செருப்பு பட்டுவிட்டது. இத்தனைக்குப் பிறகும் முளைக்க 8 முதல் 15 நாள் பிடிக்கும். பாதி வழியில் ஒரு காலை, காபி டம்ளருடன் மாடியேறும் ஆய்வுப்பொருள், அதாவது வீட்டுக்காரர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மண்ணை விலக்குகிறார். வெள்ளை நூல்போல ஒரு வேர்முனை. "அடடே!" என்று மூடுகிறார். மூடும்போது அது முறிகிறது. அடுத்த வாரம், "விதையே சரியில்லை" என்று அறிக்கை வெளியாகிறது.

தென்மாவட்டத்து முளைப்பாரி இச்சிக்கலை என்றோ தீர்த்துவிட்டது. தானியம் தூவிய பாத்திரங்களை இருட்டறையில் வைத்து, விரதமிருந்து நீர் தெளிப்பவரைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடுவதில்லை. வெளிச்சம் படாததால் முளை வெளிர்மஞ்சளாய் நீள்கிறது என்கிறது தாவரவியல். விரல் படாததால்தான் முளைக்கவே செய்கிறது என்பது எம் துணிபு.

இதற்கு அரணாக மற்றொரு சான்றும் கிட்டியுள்ளது. கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டிய சமையற்கட்டுக் கழிவிலிருந்து நாலைந்து தக்காளிச் செடிகள் தாமாக எழுந்து, காய்த்தும்விட்டன. யாரும் விதைக்கவில்லை, ஆகவே யாரும் நோண்டவில்லை. வீட்டுக்காரர் மட்டும் அதைத் தம் கைராசி என்கிறார்.