குனிந்த தலை நிமிராதவர்கள்

உழுதுபோட்ட கொல்லையில் ஒருவர் குனிந்த தலை நிமிராமல் நடந்தால் ஊர் அவரை மனைத் தரகர் என்று நினைக்கும். இல்லையென்றால் புதையல் கிறுக்கு பிடித்தவர் என்று முடிவு கட்டும். கற்கருவி தேடுகிறார் என்று தெரிந்தாலோ, தரகருக்குக் கிடைக்கிற மரியாதைகூடக் கிடைக்காது. நம் ஊரில் கல்லுக்கு மரியாதை வர வேண்டுமானால் அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாக வேண்டும். ஆனால் இந்தத் தேடலுக்கு மிகப் பொருத்தமான ஆள் பட்டம் வாங்கிய நிபுணர் அல்ல, நிலத்தில் கிடக்கிற கல்லைப் பொறுக்கி வரப்போரம் வீசுகிறவர்தான் என்பது என் கட்சி. 1863 மே மாதம் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் தொல்லியல் படித்தவரல்லர். நிலவியல் துறையில் கல்லைப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்கியவர். அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் கருவிகளைக் கண்டார்கள். அங்கே பின்னாளில் நடந்த அகழாய்வு, அடியில் கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது சொன்னது. செம்பியன்கண்டியூரில் 2006-இல் வெளிப்பட்ட புதிய கற்காலக் கைக்கோடாரிக்கு அகழாய்வுக் குழுவே தேவைப்படவில்லை. தோட்டத்தில் குழி வெட்டிய பள்ளி ஆசிரியர் ஒருவர் அதை ஜல்லியோடு ஜல்லியாக வீசாமல் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

உழுத நிலத்தில் மண்ணடுக்கு கலைந்துவிடுமே, கிடைத்து என்ன பயன் என்பார்கள். நியாயமான கேள்வி. கலப்பை மேலதைக் கீழும் கீழதை மேலுமாகப் புரட்டுகிறது. வயதைக் கணிக்க அந்தக் கல் தனியாக உதவாது. ஆனால் எந்த டிராக்டரும் கல்லைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடுவதில்லை. ஒரு மூலையில், கருவி செதுக்கும்போது தெறித்த செதில்கள் நெருக்கமாகக் கிடந்தால், எங்கே தோண்டலாம் என்று அந்த மூலையே சொல்லும். அதனால்தான் கல்லைவிட அது கிடந்த இடம் பெரிது. அலமாரியில் ஏறிய கைக்கோடாரி, முகவரி கிழிந்த கடிதம். போட்டோ எடுத்து, எந்த வயல், எந்த மூலை என்று குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்வதே சரி. ஆர்வத்தில் மண்வெட்டி எடுப்பவருக்கு என் வாதத்தில் இடமில்லை.

சாதாரண ஆளுக்கு அடையாளம் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. உடைந்த கல்லெல்லாம் கோடாரி என்று ஆரம்பித்தால் ரயில் தண்டவாளம் முழுக்க ஆதிமனிதன்தான். மனிதன் ஓங்கித் தட்டிய செதிலில், அடிபட்ட இடத்துக்குக் கீழே சின்னப் புடைப்பு இருக்கும். கைக்கோடாரியில் பெரும்பாலும் இரு பக்கமும் செதுக்கியிருக்கும். கொழு பட்டுத் தெறித்த இடமோ புதிதாகப் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பார்வையில் விதைநெல்லையும் பதரையும் பிரிக்கிற கண்ணுக்கு இது ஒரு பாடமா?

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவி என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். கைக்கோடாரிக்குப் பத்து ரூபாய் தர எந்தக் கடைக்காரரும் சம்மதிக்க மாட்டார். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமோ, தொல்பொருள் என்று ஏற்கப் பொதுவாக நூறு வயது இருந்தால் போதும் என்கிறது. அந்தப் பரீட்சையில் நம் கல் தாராளமாகத் தேறிவிடும்.