பன்னிரண்டு தொட்டிப் பண்ணையார்

சென்னையில் ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள். தண்ணீர் டேங்குக்கும் துணிக்கொடிக்கும் நடுவே பன்னிரண்டு பழைய பெயிண்ட் வாளிகள் வரிசை கட்டி நிற்கும். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் அவற்றின் மேல் குனிந்திருப்பார். "தக்காளியா சார்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "குட்டைத் தக்காளி" என்று திருத்துவார். அதோடு விட்டால் பரவாயில்லை.

"குள்ளமா நிக்கறதெல்லாம் குட்டை ரகம் ஆயிடுமா?" என்று பாடம் தொடங்கும். சில ரகங்கள் ஓரளவு வளர்ந்து, நுனியில் பூங்கொத்து விட்டு நின்றுவிடும். அது வேறு விஷயம். குட்டை ரகம் நிற்பதே இல்லை. கணுக்கள் நெருங்கி, தண்டு பருத்து, இலை சுருங்கித் தடித்து, ஆற அமர வளர்ந்துகொண்டே இருக்கும். மூன்று நான்கு அடி எட்ட ஒரு பருவமே பிடிக்கும். "நம்ம பிரமோஷன் மாதிரி" என்பார். முப்பது வருஷம் வங்கியில் இருந்தவர்.

2013 வாக்கில் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் (கிட்) கொடுக்க ஆரம்பித்தபோது இவரும் ஒன்று வாங்கிக் கீரை போட்டவர்தான். கீரை இருபத்தைந்து நாளில் வந்துவிட்டது. கவலைப்பட ஒன்றுமே இல்லாத பயிர் அவருக்கு ஒத்துவரவில்லை; குட்டைத் தக்காளிக்குத் தாவினார்.

இப்போது அவருடைய குலதெய்வங்கள் இருவர்: அமெரிக்காவின் கிரெய்க் லெஹூலியர், ஆஸ்திரேலியாவின் பட்ரீனா நஸ்கி ஸ்மால். 2005-06 வாக்கில் இந்த இருவரும் உலகெங்கும் உள்ள வீட்டுத் தோட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, பழைய நெட்டை ரகங்களின் ருசியைக் குட்டைச் செடிக்குள் கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார்கள். இரண்டையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க நெட்டை. அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று குட்டை. அதிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி, குணம் நிலைக்கும்வரை பல தலைமுறை விதைத்தார்கள். ஒவ்வொரு கலப்புக்கும் ஒரு செல்லப் பெயர். முதலில் கைகொடுத்தவர்கள் ஸ்னோ ஒயிட் கதையின் ஏழு குள்ளர்கள். பட்டாவோ காப்புரிமையோ கிடையாது. யாரும் விதை எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். இதைச் சொல்லும்போது மட்டும் பண்ணையாரின் குரல் லேசாகத் தழுதழுக்கும்.

அவருக்கு விதை பழைய கல்யாணப் பத்திரிகை உறைக்குள் மடிந்து வரும். ஒருமுறை 'டாஸ்மேனியன் சாக்லேட்' வந்தது. சாக்லேட் காய்க்கும் என்று பேரன் மூன்று மாதம் காத்திருந்தான். கருஞ்சிவப்பில் ஒரு தக்காளியைக் கையில் கொடுத்ததும் பையன் பார்த்த பார்வையை அந்த வீடு இன்னும் மறக்கவில்லை.

வாளியில் வளர்ப்பது என்பது கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போவது போலத்தான். இருபது லிட்டர் வாளியில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் நிரப்பினால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். பங்குனி வெயிலில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அதனால் பண்ணையார் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் வருஷக்கணக்காகிறது. தண்ணீர் ஒருநாள் அதிகம் ஒருநாள் கம்மி என்று ஆனால் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து ஒழுங்காகப் போய்ச் சேராது. அடிப்பாகம் கறுத்து அழுகும். குறை நீரில்தான், மண்ணில் அல்ல என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். முட்டை ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும் என்பதும் தெரியும். ஆனாலும் அந்த அசல் சைவர் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டி, "ஆம்லெட் போட்டாச்சாம்மா?" என்று மெல்லிய குரலில் கேட்கிறார்.

அடுத்தது மகரந்தம். தக்காளிப் பூ தன்னைத்தானே சூல்கொள்ளும்; கொஞ்சம் அதிர்வு இருந்தால் போதும். வண்டு ரீங்கரித்து உலுக்கும் வேலையைப் பண்ணையார் பேட்டரி டூத்பிரஷ்ஷால் செய்கிறார். பூவின் காம்பில் வைத்தால் 'ர்ர்ர்' என்று மஞ்சள் தூள் உதிரும். அவர் பல் துலக்குவது இன்றும் பல்பொடியில்.

சித்திரை பிறந்தால் அதுவும் செல்லாது. இரவிலும் வெப்பம் தணியாத ஊரில் மகரந்தம் பழுதாகி, பூ கொட்டும். தேங்காய்ப்பாலும் மோரும் கலந்த தேமோர்க் கரைசல் தெளிப்பார், பச்சை வலை கட்டுவார், கடைசியில் செடியோடு பேசுவார். மாலை வந்து பார்த்தால் வாளியைச் சுற்றி மஞ்சள் பூக்கள், மணமக்கள் கிளம்பிப்போன பந்தல் மாதிரி.

மார்கழியில் காலம் திரும்பும். காய் நிறம் மாறத் தொடங்கிவிட்டால் பறித்து வீட்டுக்குள் வைத்துப் பழுக்கவிடலாம், ருசி பெரிதாகக் குறையாது. இதுவும் அவருக்குத் தெரியும். "செடியிலயே பழுக்கட்டும்" என்று இன்னொரு நாள் விடுவார். அந்த இன்னொரு நாளுக்காகவே பக்கத்து முருங்கையில் ஓர் அணில் குடியிருக்கிறது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றதே, அது பண்ணையாரின் பொற்காலம். அவர் செடிகளில் அப்போது இருந்தவை ஐந்தே காய். ஆனாலும் லிப்டில் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். விலை பத்துக்கும் பதினைந்துக்கும் விழும் நாட்களில் வண்டிக்காரர் தெருவில் கூவினால் ஜன்னலைச் சாத்திவிடுவார்.

"ஏங்க, ரசத்துக்கு ரெண்டு பறிச்சிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி ஒருநாள்.

"இதையா? ரசத்துக்கா?"

அவள் வேறெதுவும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

பழம் விருந்தாளிக்கு மட்டும். ஒரு தக்காளியை எட்டாக அரிந்து, உப்புக்கூடப் போடாமல் தட்டில் வைப்பார். நாம் மெல்லும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "நல்லா இருக்கு" என்றால் போதாது. "முதல்ல இனிப்பு, அப்புறமா ஒரு புளிப்பு எட்டிப் பார்க்குதா?" என்பார். எட்டிப் பார்க்காவிட்டாலும் பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். தட்டில் மிஞ்சிய கொழகொழப்பை ஸ்பூனால் வழித்து டம்ளரில் போடுவார். மூன்று நாள் புளித்து நாறினால்தான் விதையைச் சுற்றிய வழவழப்பு கழன்று வரும். வீட்டில் காபிக்கு டம்ளர் குறைவாக இருப்பது இதனால்தான்.

நாம் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து குரல் வரும்: "சார், நீங்க கடைசியா எடுத்த துண்டுல விதை இருந்துதா? முழுங்கிட்டீங்களா?"